பிக்கான் மரத்து நாட்டில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாகத்திலே பரந்து கிடக்கும் டெக்சாஸ் மாநிலத்துக்குச் சென்று மீள்பவர்கள், எண்ணெய்க் கிணறுகளையும் மாட்டுப் பண்ணைகளையும் பற்றி எழுதுவதே வழக்கம். நான் எழுதப் புகுந்திருப்பதோ ஒரு கேக்கின்மேற் பூசும் பூச்சைப் பற்றியது. "இதற்காகவா இத்தனை கடல் தாண்டிப் போனீர்கள்?" என்று வீட்டிலுள்ளோர் கேலி செய்தனர். போனது இதற்காக அன்று. டல்லாஸ் நகரின் புறத்தே குடியிருக்கும் என் தம்பியையும் அவன் பிள்ளைகளையும் பார்க்கவே போனேன். ஆயினும் திரும்பி வந்தபின் மனத்திலே தங்கி நிற்பவை அந்தப் பூச்சும், அதற்குரிய மரமும், அவற்றோடு ஒட்டிக்கிடக்கும் சில பெயர்களுமே.

நான் போய்ச் சேர்ந்தது கார்த்திகை மாதத் தொடக்கத்தில். முதலிரவு நித்திரை வரவில்லை. காற்று வீசுந்தோறும் பக்கத்து வளவிலிருந்த தகரக் கொட்டிலின் கூரைமேல் "டொக், டொக்" என்று ஏதோ விழுந்துகொண்டிருந்தது. அரைத் தூக்கத்திலே, நம்மூர்க் கோடிப்புறத்தில் குரும்பை விழுகின்றது என்றே எண்ணிக்கொண்டேன். விடிந்தபின் யன்னலைத் திறந்து பார்த்தால், மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மரம். வேப்பிலைபோல ஒரே காம்பில் இருமருங்கும் சிற்றிலைகள். அவை மஞ்சளித்து உதிரத் தொடங்கியிருந்தன. கிளைகளின் நுனியில் கரிய தோல்கள் நான்காகப் பிளந்து வாய் பிளந்து நின்றன. அவற்றுள்ளிருந்தே கொட்டைகள் கூரைமேல் வீழ்ந்தன.

அதுதான் பிக்கான் மரம். "பீக்கன்" என்று சொல்லும் அமெரிக்கரும் உண்டு. டெக்சாஸ்வாசிகளிடம் அவ்வாறு சொன்னால் புன்னகையோடு திருத்துவார்கள். அப்பெயர் அந்நாட்டுப் பழங்குடிகளின் மொழியிலிருந்து வந்தது. கல்லாற் குத்தி உடைக்கவேண்டிய கொட்டை என்பது அதன் பொருள். விரற்கணு இரண்டின் நீளம். கபில நிற ஓடு. அதன் நுனியில் கரிய கீற்றுக்கள். உள்ளே மூளைபோல மடிந்த பருப்பு. மரமுந்திரிகைப் பருப்பைவிட எண்ணெய்ப்பற்று மிகுந்தது. இரண்டு பாதிகளுக்கும் நடுவே கபில நிறமான ஒரு தடுப்பு உண்டு. அதில் ஒரு துணுக்கு பருப்போடு வாயிற் போனாலும் கசக்கும்.

மரத்துக்குரிய அம்மையார் எண்பது வயதைக் கடந்தவர்; கணவர் காலமான பின் அவ்வீட்டில் தனியே வாழ்ந்தார். காலையிலே ஒரு வாளியுடன் குனிந்து குனிந்து கொட்டை பொறுக்கிக் கொண்டிருந்தவருக்கு உதவப் போனேன். அதுவே எங்கள் பழக்கத்தின் தொடக்கம். இரண்டு கொட்டைகளை ஒரே கைக்குள் வைத்து, ஒன்றை மற்றதன்மேல் அழுத்தி உடைக்கும் வித்தையை அவர் எனக்குக் காட்டித் தந்தார். எனக்கு அது கடைசிவரை வாய்க்கவில்லை. அவர் நடுங்கும் விரல்களோடும் ஒரு நொடியில் உடைத்து, பருப்பைப் பாதி பாதியாக முழுமையுடன் எடுப்பார். வரும் வசந்த காலத்தில் வீட்டை விற்றுவிட்டு மகனுடைய ஊருக்குப் போகப் போவதாகவும், இந்த மரத்தில் இனித் தாம் பொறுக்கப் போவதில்லை என்றும், வானிலையைப் பற்றிச் சொல்லுவது போன்ற குரலிலே சொன்னார்.

"பருப்பு ஒரு கோப்பை சேர்ந்ததும் வாருங்கள். நாம் ஜேர்மன் சொக்கலேட் கேக் செய்வோம்" என்றார்.

ஜேர்மனி நாட்டுக் கேக் டெக்சாஸுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கின்றது. அந்தக் கேக்குக்கும் ஜேர்மனி நாட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லையாம். ஜேர்மன் என்பது ஓர் ஆளின் பெயர். மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, பொஸ்டன் நகரை அடுத்த டோர்செஸ்டரில், 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பழைய சொக்கலேட் ஆலை ஒன்று இருந்தது. சாமுவேல் ஜேர்மன் என்பவர் அவ்வாலைக்காக 1852இல் ஒரு புதுவகைச் சொக்கலேட்டை ஆக்கினார். சமையலுக்குரிய கசப்புச் சொக்கலேட்டிலே சீனியை முன்னரே சேர்த்துவிட்டால் கேக் செய்வோருக்கு வேலை குறையும் என்பது அவர் கண்ட உபாயம். ஆலையார் அதற்கு "ஜேர்மனின் இனிப்புச் சொக்கலேட்" என்று பெயரிட்டு விற்றனர். அதைக்கொண்டு செய்த கேக் "ஜேர்மனின் சொக்கலேட் கேக்" ஆயிற்று. ஆறாம் வேற்றுமை உருபு எங்கேயோ வழியில் தொக்குப் போயிற்று. போகவே, ஆள் மறைந்து அவரிடத்தில் ஒரு நாடு வந்து அமர்ந்துவிட்டது. தொகைநிலைத் தொடர் படிக்கும் மாணவர்களுக்கு இதைக்காட்டிலும் சுவையான உதாரணம் கிடைப்பது அரிது.

வேடிக்கை இதனோடு நிற்கவில்லை. அவ்வாலையின் பெயர் "பேக்கரின் சொக்கலேட்". பேக்கர் என்றால் வெதுப்புவோர் என்று பொருள். ஆகவே கேக் வெதுப்புவோருக்குரிய சொக்கலேட் என்றே எவரும் எண்ணுவர். அதுவும் ஓர் ஆளின் பெயரே. ஆலையைத் தொடங்கிய வைத்தியர் ஜேம்ஸ் பேக்கர் என்பவரைக் குறிப்பது.

அந்தக் கேக் நாடெங்கும் அறியப்பட்டது மிகப் பிந்தி, 1957ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டு யூன் 3ஆந் திகதி வெளிவந்த டல்லாஸ் நகரத்துத் தினசரி ஒன்றின் சமையற் பகுதியில் அதன் செய்முறை அச்சாயிற்று. அனுப்பியவர் அந்நகரத்து இல்லத்தரசி ஒருவர். அதற்கு முன்னரே டெக்சாஸின் சில அடுக்களைகளில் அது இருந்தது என்பாரும் உளர், இருக்கலாம். ஆனால் அன்று அது அச்சேறியதும் கடைகளில் அந்தச் சொக்கலேட் கட்டிகளை மக்கள் தேடி வாங்கத் தொடங்கினர். அப்போது ஆலையை உடைமையாகக் கொண்டிருந்த பெருங் கம்பனி, இஃதென்ன புதுமை என்று விசாரித்தறிந்து, செய்முறையைப் பல மாநிலத்துப் பத்திரிகைகளுக்கும் அனுப்பிற்று. அயலகத்து அம்மையாருக்கு அப்போது பதினான்கு வயது. அவருடைய தாயார் பத்திரிகைத் துண்டை வெட்டிக் கொப்பியொன்றில் ஒட்டி வைத்தாராம். பசை பட்டுப் பட்டுத் துண்டு கரைந்துவிட்டது; செய்முறை மகளின் கையிலே தங்கிவிட்டது.

"அந்த இல்லத்தரசியின் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"திருமதி ஜோர்ஜ் கிளே."

"அது கணவரின் பெயரல்லவா? அவருடைய பெயர்?"

"பத்திரிகையில் அப்படித்தான் இருந்தது. அக்காலத்தில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம்" என்றார் அவர்.

சாமுவேல் ஜேர்மனுக்கு உருபு மட்டுந்தான் போயிற்று. அந்த அம்மையாருக்கோ முன்பெயரே அச்சில் வரவில்லை. எனக்கு இது புதிதன்று. எங்கள் ஊரில் என் தாயாரை "வாத்தியார் பெண்சாதி" என்றே அழைப்பர். அவர் கிண்டும் தொதலுக்கு ஊரெல்லாம் பேர் இருந்தது. அந்தப் பேரும் "வாத்தியார் வீட்டுத் தொதல்" என்பதே.

இனிப் பூச்சுக்கு வருவோம். நம் நாட்டில் கேக்கின்மேல் இடுவது ஐசிங். மாவாக அரைத்த சீனியைப் பட்டருடன் அடித்தோ, முட்டை வெள்ளையுடன் குழைத்தோ வெண்மையாகப் பூசி, பூவும் கொடியும் வரைவோம். அடுப்புக்கு அதில் வேலையில்லை. டெக்சாஸ் அம்மையார் செய்ததோ அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கிண்டி இறக்கும் பூச்சு. தோற்றத்தில் அழகில்லை, மண்ணிறம். அதைக் கேக்கின் அடுக்குகளுக்கு இடையிலும் உச்சியிலும் மட்டும் பரப்புவர். பக்கங்களை வெறுமனே விட்டுவிடுவதே பழைய முறை. பக்கத்தில் பூசினாலும் நில்லாது, அத்தனை கனம்.

எவப்பரேற்றட் பால் என்று பேணியில் வருவது ஒரு கோப்பை. இது சீனி சேராத, நீரிற் பெரும்பகுதி வற்றவைத்த பால். தேநீருக்கு இடும் இனிப்பான டின்பாலை இதற்குப் பதிலாக எடுத்தால் எல்லாம் கெடும். சீனி ஒரு கோப்பை. முட்டையின் மஞ்சட்கரு மூன்று. பட்டர் கால் இறாத்தல். இவற்றை அடி கனத்த பாத்திரத்தில் ஒன்றாக இட்டு, மிதமான நெருப்பில் ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிடம் கைவிடாது கிண்ட வேண்டும். கெட்டியானதும் இறக்கி, வனிலா ஒரு தேக்கரண்டி, உலர்த்திய தேங்காய்த் துருவல் ஒன்றே கால் கோப்பைக்குச் சற்று மேலாக, சிறுதுண்டுகளாக வெட்டிய பிக்கான் பருப்பு ஒரு கோப்பை என்பவற்றைச் சேர்த்து, ஆறும்வரை இடையிடையே அடித்துக் கொடுக்க வேண்டும். ஆற ஆறத்தான் அது பூசும் பதத்துக்கு வரும். சூட்டோடு பூசினால் கேக்கின் பக்கங்களில் வழிந்தோடிவிடும்.

சொல்லும்போது இலகுவாகத்தான் இருக்கின்றது. முதல்முறை அகப்பையை அம்மையார் என்னிடம் தந்தார். தொதல் கிண்டும் வீட்டிற் பிறந்தவளாகிய எனக்கு இது எம்மாத்திரம் என்ற இறுமாப்பு. பத்து நிமிடமாகியும் நீராகவே கிடந்தமையால், அவர் அப்பாற் திரும்பிய சமயம் நெருப்பைக் கூட்டிவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் பாத்திரத்தின் ஓரத்தில் மணல்போலச் சிறு கட்டிகள் தோன்றின. முட்டை வெந்து திரைந்துவிட்டது; மேலே பட்டர் பிரிந்து மஞ்சளாய் மிதந்தது. நாணத்தால் எனக்கு முகம் சிவந்தது. அவர் எட்டிப் பார்த்து, ஒன்றும் பேசாமல், அடுத்த பேணியைத் திறந்தார்.

பிற்பாடு விளங்கியது. தொதல் கெட்டியாவது அரிசிமாவினால். அதற்கு வேகும் கொதிப்பு வேண்டும். இப்பூச்சைக் கெட்டியாக்குவது மஞ்சட்கரு. அது கொதிநிலைக்கு வெகு முன்னரே இறுகத் தொடங்கும். சீனியும் கொழுப்பும் உடனிருப்பதால் இறுகுதல் சற்றுத் தாமதப்படுகின்றது. அந்தத் தாமதமே நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதைக் கடந்தால் பூச்சில்லை, முட்டைப் பொரியல்தான். அகப்பையின் முதுகில் விரலால் ஒரு கோடிட்டு, கோடு மூடாமல் நின்றால் பதம் என்று அவர் காட்டினார். இரண்டாம் முறை நான் அடுப்பின் பக்கம் கையை நீட்டவேயில்லை.

இப்படிப் பேச்சுக்கிடையே, நல்ல பிக்கானுக்கு ஊர் எது என்று வினவியபோது, "சான் சாபாவைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்" என்றார். அவருடைய கொல்லை மரம் காக்கை போட்ட விதையில் முளைத்ததாம், பருப்புச் சிறியது. சான் சாபாவில்தான் மரத்துக்கு மரபு உண்டு என்பது அவர் கட்சி. அடுத்த சனிக்கிழமை தம்பி காரோட்ட, தென்மேற்கே மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பிரயாணம் செய்தோம்.

டல்லாஸின் பல மாடிக் கட்டடங்கள் மறைந்த பின், வழியெல்லாம் வறண்ட நிலம். முட்செடிகள், குட்டையான கருவாலி மரங்கள், சுண்ணாம்புக்கல் வெளிறித் தெரியும் மேடுகள். மன்னாரிலிருந்து பூநகரி போகும் பாதையை நினைத்துக்கொண்டேன். கோல்ட்துவெய்ட் என்னும் சிற்றூரைத் தாண்டிக் கொலராடோ ஆற்றை அடையும்போது காட்சி மாறுகின்றது. (பூகோளப் புத்தகத்தில் பெரும் பள்ளத்தாக்கைக் குடைந்ததாகப் படிக்கும் கொலராடோ வேறு, இது டெக்சாஸுக்குள்ளேயே பிறந்து கடலிற் சேரும் ஆறு.) ஆற்றின் இருகரையிலும், வெள்ளம் கொணர்ந்த வண்டல் எங்கெல்லாம் படிந்துள்ளதோ அங்கெல்லாம் பிக்கான் மரங்கள் வானளாவி நிற்கின்றன. மேட்டு நிலத்தில் ஒரு மரமும் இல்லை. நாட்டார் நட்டவை அல்ல அவை, ஆறு நட்டவை.

ஸ்பானிய நாட்டவரான கபேசா டி வாக்கா 1528இல் டெக்சாஸ் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கியவர். ஆண்டுக்கணக்காகப் பழங்குடிகளிடையே அலைந்து, பின்பு தம் அனுபவத்தை எழுதினார். ஓர் ஆற்றங்கரையில் மக்கள் கூடி ஆண்டில் இரண்டு மாதம் இக்கொட்டைகளையே உணவாகக் கொண்டதையும், மரங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டே காய்ப்பதையும் அவர் குறித்து வைத்திருக்கின்றார். அம்மரத்தின் இயல்பு இன்றும் அதுவே. ஓராண்டு கொட்டோ கொட்டென்று கொட்டும், மறுவாண்டு ஓய்ந்திருக்கும். எங்கள் வளவு மாமரங்களுக்கும் இப்பிடிவாதம் உண்டு.

சான் சாபா ஒரு சிற்றூர். தன்னை உலகப் பிக்கான் தலைநகர் என்று அழைத்துக்கொள்கின்றது. அந்தப் பட்டம் சற்று அதிகம் என்று தோன்றினாலும், கடைதோறும் சாக்குச் சாக்காய்க் கொட்டைகளைப் பார்க்கும்போது மறுத்துரைக்க மனம் வரவில்லை. இவ்வூரின் புகழுக்குக் காரணர் எட்மண்ட் ரிசியன் என்ற ஆங்கிலேயர். 1870களில் வந்து குடியேறிய தச்சர். மிகச் சிறந்த பிக்கானைக் கொண்டு வருவோர்க்கு ஐந்து டாலர் பரிசு என்று அவர் அறிவித்தாராம். ஒருவர் அருமையான கொட்டைகளைக் கொண்டுவர, "மரத்தைக் காட்டு" என்று போய்ப் பார்த்தால், சான் சாபா ஆறு கொலராடோவிற் சேரும் இடத்தில் நின்ற அம்மரத்தில் ஒரே கிளைதான் மிச்சம். கொட்டை பறிக்க எளிதாகும் என்று மற்றக் கிளைகளை அறுத்துத் தள்ளியிருந்தனர். ரிசியன் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கி மரத்தைக் காத்தார். தாய் மரம் என்று அதைச் சொல்வர். நாங்கள் அதன் அண்டையில் செல்லவில்லை. ஆற்றங்கரையில் வேறு மரங்களின் கீழே நின்று, கொண்டுபோன இடியப்பத்தை உண்டோம்.

தாய் மரத்தின் கொட்டைகளை ரிசியன் வரிசையாக நட்டார். முளைத்த மரங்களில் ஒன்றுகூடத் தாயைப்போலக் காய்க்கவில்லை. கறுத்தக்கொழும்பான் கொட்டையை நட்டுவிட்டுக் கறுத்தக்கொழும்பானையே எதிர்பார்த்து ஏமாந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை மரங்கள் சில வேறு வகையிற் சிறந்து, இன்று பெருந்தோப்புகளாகப் பரவியுள்ளன. ஆயினும் ஒரு மரத்தின் குணம் மாறாமல் இன்னொன்று வேண்டுமாயின் ஒட்டுதல் ஒன்றே வழி. பிக்கான் மரத்தை ஒட்டுவது மாமரத்தை ஒட்டுவதுபோல எளிதன்று. கற்றவர்கள் முயன்று தோற்ற காரியம் அது.

அதை முதன்முதல் வெற்றியுடன் செய்தவர் ரிசியன் அல்லர், டெக்சாஸ்காரரும் அல்லர். அயல் மாநிலமாகிய லூயிசியானாவிலே, மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஓக் அலி என்னும் கரும்புத் தோட்டத்தில் அடிமையாயிருந்த தோட்டக்காரர் ஒருவர். 1846, 47ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்திலே பதினாறு மரங்களில் அவர் ஒட்டிய ஒட்டுக்கள் பிடித்தன. மெல்லிய ஓடுடைய அந்தப் பிக்கான், 1876இல் பிலடெல்பியா நகரத்து நூற்றாண்டுக் கண்காட்சியிலே பரிசு பெற்று, "சென்ரெனியல்" என்ற பெயரையும் அடைந்தது. கொட்டைக்குப் பெயர் வந்தது. ஒட்டியவரின் பெயரோ அந்துவான் என்ற ஒரு சொல்லாகவே நிற்கின்றது. அதுவும் நமக்குத் தெரிவது தோட்டத்துச் சொத்துப் பட்டியலில் அவர் பெயர் இருப்பதால்: வயது 38, பிக்கான் மரம் ஒட்டுவதில் வல்லவர், பெறுமதி 1,000 டாலர். ஆடு மாடுகளுக்கும் கரும்பாலைக்கும் பெறுமதி குறிப்பதுபோலவே இதையும் குறித்திருக்கின்றார்கள். இன்று கடையில் வாங்கும் பெரிய பிக்கான் எதுவாயினும், அவர் கை தொடங்கி வைத்த வித்தையால் வந்ததே.

கடையொன்றில் உடைத்த பருப்பை இறாத்தற் கணக்கில் விற்றனர். பாதிகள் உடையாமல் அத்தனை அழகாய் இருப்பதைக் கண்டு, யார் இவற்றை உடைக்கின்றார்கள் என்று கேட்டேன். இயந்திரம் என்றார் கடைக்காரர். இயந்திரத்துக்கு முன்பு? அதற்குரிய விடையை அன்றிரவு தம்பியின் புத்தகமொன்றில் படித்தேன். இங்கிருந்து தெற்கேயுள்ள சான் அன்ரோனியோ நகரத்திலே, மெக்சிக்க வம்சத்துப் பெண்கள் காற்றோட்டமில்லாத கொட்டில்களில் நெருங்கியிருந்து, கையால் உடைத்துப் பருப்பெடுத்தார்கள். கொட்டைத் தூசியை நாள் முழுதும் சுவாசித்தார்கள். காசநோய் அவர்களிடையே மிகுந்திருந்தது. இறாத்தலுக்கு ஆறேழு சதமாயிருந்த கூலியை முதலாளிகள் 1938 தை மாதத்தில் ஒரு சதம் குறைத்தனர். பன்னீராயிரம் பேர்வரை வேலையை விட்டு வெளியேறினர். முன்னின்றவர் இருபத்தொரு வயதான எம்மா டெனயூக்கா என்ற பெண். பல வாரம் மறியல், கைது, கண்ணீர்ப்புகை. இணக்கமும் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே குறைந்த கூலி மணிக்கு 25 சதம் என்று மத்திய அரசு சட்டமியற்ற, கூலி கொடுப்பதைவிட இயந்திரம் மலிவு என்று கண்டு, ஆலைகள் ஆயிரக்கணக்கான பெண்களை வீட்டுக்கு அனுப்பின. ஒரு கோப்பைப் பருப்பைச் சேர்க்க எனக்கு மூன்று காலைகள் பிடித்தன. அன்று படித்ததன் பின் அதைக் குறித்து நான் முறைப்பாடு சொல்லவில்லை.

பூச்சிலே பிக்கானுக்குச் சரிபாதி இடம் தேங்காய்க்கு உண்டு. டெக்சாஸில் காய்க்கும் தென்னைகளை எங்கே பார்ப்பது? அங்கே கடைப் பையில் வருவது சீனி சேர்த்து உலர்த்திய துருவல். பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தேங்காய். இதிலும் ஒரு பேக்கர் வருகின்றார்! சொக்கலேட் பேக்கருக்கும் இவருக்கும் உறவில்லை. பிராங்ளின் பேக்கர் என்ற பிலடெல்பியா மா வணிகர், 1890களில் கியூபாவுக்கு அனுப்பிய மாவின் கிரயமாகக் காசுக்குப் பதில் ஒரு கப்பல் தேங்காயைப் பெற்றார். விற்க இயலாமற் திகைத்து, துருவி உலர்த்தி விற்கும் தொழிலைத் தொடங்கினார். பிற்காலத்தில் இரு பேக்கர்களின் சரக்கும் ஒரே கம்பனியின் கைக்குச் சென்றமையால், கேக்கும் பூச்சும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

நம் நாட்டிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு இத்தொழில் நடந்து வருகின்றது. குருநாகல், சிலாபம் பகுதிகளிற் சென்றவர்கள் பார்த்திருப்பர். ஆண்கள் சிறு கோடரியாற் சிரட்டையைக் கொத்தி நீக்குவர். பெண்கள் வளைந்த கத்தியால் பருப்பின் கபிலத் தோலைச் சீவுவர். வெள்ளைப் பந்துபோல உருண்டு வரும் பருப்பு பின்பு அரைபட்டு, உலர்ந்து, கடதாசிப் பைகளிற் கப்பலேறும். பிறநாட்டுக் கேக்குகளில் அது போய்க் கலந்தபின், சீவிய கை எதுவென்று யார் அறிவார்?

உலர்ந்த துருவலுக்குப் பதிலாகப் புதிய தேங்காய்ப்பூவை இட்டால் என்ன என்ற எண்ணம் நம்மவர் எவருக்கும் எழும். எனக்கும் எழுந்தது. நாடு திரும்பியபின் அப்படியே செய்து பார்த்தேன். பூவிலுள்ள நீரும் பாலும் இறங்கிப் பூச்சு தளர்ந்தது. மறுநாளே புளித்த மணமும் வந்தது. பூவை வெறுந் தாச்சியில், நிறம் மாறாதபடி, ஈரம் போகும்வரை வறட்டிச் சேர்த்தபோது சரியாக வந்தது. இவ்வகையில் நான் டெக்சாஸைவிட நம்மூர்த் தேங்காய்க்கே புள்ளி வழங்குவேன். பிக்கானுக்குப் பதில் கஜுவை இட்டதில் அத்துணை திருப்தியில்லை. கஜு நல்ல பருப்புத்தான்; ஆனால் இனிப்போடு இனிப்பாய் அடங்கிப் போகின்றது. பிக்கான் தோலிலுள்ள மெல்லிய துவர்ப்பே அந்தப் பூச்சின் திகட்டலைத் தடுக்கின்றது. கஜுவைப் பொன்னிறமாக வறுத்து, ஒரு சிட்டிகை உப்பும் இட்டால் ஓரளவு ஈடு செய்யலாம்.

புறப்படுவதற்கு முந்திய நாள் அம்மையாரிடம் விடைபெறச் சென்றேன். செய்முறையை எழுதித் தரும்படி முன்னரே கேட்டிருந்தேன். மேசையில் சமையற் குறிப்பு எழுதும் அட்டைகள் இருந்தன. அந்நாட்டில் அவை அச்சிட்டே விற்கப்படுகின்றன. உச்சியில் "இன்னாருடைய அடுக்களையிலிருந்து" என்று அச்சடித்து, பெயரெழுத ஒரு கோடும் விட்டிருப்பார்கள். அம்மையார் பேனையை எடுத்து, நடுங்கும் கையால் அக்கோட்டின்மேல் "திருமதி" என்று தொடங்கிக் கணவரின் பெயரை எழுதினார். எழுதி முடித்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு அந்த அட்டையை ஒருபுறம் வைத்துவிட்டு, வேறோர் அட்டையை எடுத்தார். அதில் எழுதியது இரண்டு சொற்கள்: அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரும், அவர் பிறந்த குடும்பத்தின் பெயரும்.

"இதை எழுதிப் பல வருடங்கள். எழுத்துக்கூட்டுச் சரிதானா என்று எனக்கே சந்தேகம்" என்றார்.

பத்திரிகையில் இதைப்பற்றி எழுதுவேன் என்று சொன்னேன். கேக்கைப் பற்றி எழுதுங்கள், பெயர் அட்டையில் இருந்தாற் போதும் என்றார். ஆகவே அதை இங்கே தரவில்லை.

அந்த அட்டை இப்போது என் சமையற் கொப்பிக்குள் இருக்கின்றது. அதை வைக்கும்போது, பக்கத்துத் தாளில் நான் மணமான புதிதில் எழுதிய தொதற் குறிப்பு கண்ணிற் பட்டது. தலைப்பு "அம்மாவின் தொதல்". என் மகள் தன் கொப்பியில் அதைப் பார்த்தெழுதியபோது "அம்மம்மாவின் தொதல்" என்று தலைப்பிட்டிருந்தாள். அவளை அழைத்து, "அம்மம்மாவின் முழுப்பெயர் தெரியுமா?" என்று கேட்டேன். சற்று யோசித்தாள். முதற்பெயரைச் சரியாகச் சொன்னாள். பெற்றோர் இட்ட பெயர் அதுவன்று, வீட்டில் அழைத்த பெயர். பேனையைக் கொடுத்து இரு கொப்பியிலும் எழுதச் சொன்னேன். கஜு இட்ட கேக்கின் கடைசித் துண்டைத் தின்றுகொண்டே எழுதினாள். ஆதலால் அந்தத் தாளிலும் இப்போது ஒரு பட்டர்க் கறை உண்டு.